இரண்டாயிரம் கட் பீஸ்

நாட்டைவிட்டு வெளியே போகும் சரக்கின் விவரம், அந்தச் சரக்கை வாழ்நாளில் பார்த்திராத ஓர் அதிகாரிக்கும் படித்தவுடன் புரியும்படி எழுதப்பட வேண்டும். விதி இவ்வளவுதான். புத்தகத்தில் இது இன்னும் நீளமாகவும் இன்னும் மோசமான மொழியிலும் இருக்கும். துறைமுகச் சுங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த நான், புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை இப்படித்தான் சுருக்கிச் சொல்வேன். இதை மீறியதற்காக எத்தனையோ பேருடைய காகிதங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் கண் கலங்கினார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அந்த விதி போன வருடம் சாரல் காலத்தில், தென்காசியில் மீறப்பட்டது. மீறியவன் நான்.

என் தங்கை மகள் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு வந்து, தன்னோடு கல்லூரியில் படித்த தோழியைச் சேர்த்துக்கொண்டு ஒரு கம்பெனி தொடங்கினாள். தோழி, தென்காசியில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ரயில்வே கேட் பக்கம் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேலே ஓர் அறை, இரண்டு மடிக்கணினி, ஒரு பழைய பீரோ. கம்பெனி அவ்வளவுதான். கீழே யாருக்காவது பல் பிடுங்கினால் மேலே தெளிவாகக் கேட்கும்.

விற்ற பொருள் துண்டு. குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியெல்லாம் கடைவாசலில் கொடி கட்டித் தொங்குமே, அந்த மெல்லிய பருத்தித் துண்டுதான். சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிகளில் கொஞ்சம் நெருக்கமாக நெய்யச் சொல்லி, சாயம் ஒட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். சாரல் காற்றில் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். மடித்தால் சட்டைப்பைக்குள் போகும். தோழி அதைக் காயப்போட்டு, காயும்வரை படம்பிடித்து இணையத்தில் போட்டாள். துண்டு காய்வதை உட்கார்ந்து பார்க்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண்மணி எழுதினார். ஐரோப்பாவின் வடக்கே, ஏரிகள் நிறைந்த ஒரு நாட்டில், நீச்சல்காரர்களுக்கான கடை வைத்திருப்பவர். முதலில் பத்துத் துண்டு வாங்கிப் பார்த்தார். பிறகு இரண்டாயிரம் கேட்டார். அப்போது கம்பெனிக்கு வயது நாற்பது நாள். தென்காசியில் அதுவரை ஒரு துண்டுகூட விற்றிருக்கவில்லை. இந்தப் பெண்களுடைய இணையதளத்தில் மூன்று மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை.

நான் ஒழுங்குமுறை அறிந்தவன் என்ற முறையில் ஆலோசனை சொன்னேன். ஒரு வியாபாரம் முதலில் உள்ளூரில் வேர் பிடிக்க வேண்டும், பிறகு திருநெல்வேலி, பிறகு மதுரை, சென்னை. அயல்தேசம்தான் வேண்டுமென்றால், புளியறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளா இருக்கிறது, அங்கே பழகிக்கொள்ளலாம் என்றேன்.

தங்கை மகள் கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மாமா, இங்க இதுக்கு என்ன மதிப்பு? குளிச்சிட்டு பாறையிலயே போட்டுட்டுப் போயிருதான். அங்க ஒரு அம்மா இத துவைச்சு, இஸ்திரி போட்டு, நமக்கு போட்டோ அனுப்பியிருக்கா."

தோழி இன்னும் தெளிவாக விளக்கினாள். ஒரு துண்டுக்காக இவ்வளவு யோசிக்கும் ஆள் தென்காசியில் மூன்று பேர் இருப்பார்கள். திருநெல்வேலியில் பத்துப் பேர். ஆனால் அப்படிப்பட்ட மூன்று பேர் உலகத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை ஒன்றாகச் சேர்த்தால்தான் ஒரு சந்தை. எனவே தங்களைப் போன்றவர்கள் பிறக்கும்போதே வெளியே போயாக வேண்டும், வளர்ந்த பிறகு போவது பெரிய கம்பெனிகளின் சௌகரியம் என்றாள். நான் இன்வாய்ஸைக் காட்டச் சொன்னேன்.

தோழிக்கு அந்த ஏற்றுமதியில் வேறொரு கணக்கும் இருந்தது. அவள் அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். ஆனி மாதம் முடியும்வரை அவள் இஷ்டம். அதற்குள் இந்த முதல் சரக்கு வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரும் என்று உறுதியானால் அவர் குறுக்கே பேசப்போவதில்லை. இல்லையென்றால் ஆடி முதல் நாள், தள்ளுபடி விற்பனை தொடங்கும்போது, அவள் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்து வந்ததில்லை என்பது அந்தக் குடும்பத்தின் சரித்திரம். அவளுடைய இரண்டு அத்தைகள் அதற்குச் சாட்சி.

வாங்கியவர் பக்கமும் ஒரு கெடு இருந்தது. அவர்கள் ஊர் ஏரியில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் நீச்சல் விழா. அது ஜூலை மூன்றாம் சனிக்கிழமை. துண்டுகள் அந்த விழாவில் விற்பதற்கு. சனிக்கிழமை போய்விட்டால் அவர்களுக்கு அந்த வருடம் துண்டு தேவையில்லை. வேறொரு நாட்டுக்காரர் ஏற்கெனவே மாதிரி அனுப்பிவைத்துக் காத்திருந்தார்.

தோழி தயாரித்திருந்த இன்வாய்ஸ் வரைவில், சரக்கின் விவரம் என்ற கட்டத்தில், 'காட்டன் பாத் டவல்ஸ், நாட் டெர்ரி' என்று இருந்தது. பருத்திக் குளியல் துண்டு, சுருள்நூல் வைக்காதது. நான் தறிக்காரரின் பில்லைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் 'காட்டன் கட் பீஸ் 2000' என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தறியில் துண்டு தனித்தனியாக நெய்யப்படுவதில்லை. ஒரே நீளமாக ஓடும். இரண்டு துண்டுக்கு நடுவே கொஞ்ச தூரம் குறுக்கே போகும் ஊடு நூல் இல்லாமல் விடுவார்கள். அந்த இடத்தில் வெட்டினால் இரண்டு பக்கமும் நூல் தொங்கும். வெட்டாமல் சுருளாக வாங்குகிறவர்களும் உண்டு, வெட்டி வாங்குகிறவர்களும் உண்டு. வெட்டிக் கொடுத்தால் தறிக்காரர்கள் பில்லில் கட் பீஸ் என்று எழுதுவார்கள். அவர்களுக்குள் அது போதும்.

எனக்கும் போதும் என்று பட்டதுதான் விபரீதம். கொள்முதல் பில்லில் உள்ள விவரமும் ஏற்றுமதி இன்வாய்ஸில் உள்ள விவரமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். இதுவும் விதிதான். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் எழுதியதை அடித்துவிட்டு, 'காட்டன் கட் பீசஸ்' என்று எழுதினேன். எழுதும்போது ஒரு நிறைவுகூட இருந்தது. துண்டு என்றால் பீஸ். வெட்டியது என்றால் கட். மொழிபெயர்ப்பும் சரி, தணிக்கையும் சரி. இந்தத் தவறை வேறு எந்த நாட்டு அதிகாரியும் செய்திருக்க முடியாது. அதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

"அங்கிள், கட் பீஸுன்னா எங்க கடையில மிச்சத் துணிய சொல்லுவோம்" என்றாள் தோழி.

அது உங்கள் கடையில், இது சர்வதேச வணிகம் என்று நான் பதில் சொன்னதாக என் தங்கை மகள் இன்றும் சொல்கிறாள். எனக்கு அப்படி நினைவில்லை. சொல்லியிருக்கக் கூடியவன்தான்.

சரக்கு போயிற்று. ஜூலை எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் தங்கை மகள் போன் செய்து, உடனே வரச் சொன்னாள். இலஞ்சியில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க கேக்குதாங்க மாமா. இது கழிவான்னு."

அந்த நாட்டுச் சுங்க அலுவலகத்தின் கடிதத்தை, அங்கே சரக்கை விடுவிக்கும் ஏஜென்ட் அனுப்பிவைத்திருந்தார். பருத்தி வெட்டுத் துணிகள் என்று விவரம் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தோம். அடையாளச் சீட்டு இல்லை, விளிம்பு மடித்துத் தைக்கப்படவில்லை, நூல் பிரிந்து தொங்குகிறது. இது ஜவுளிக் கழிவாகத் தெரிகிறது. கழிவை இறக்குமதி செய்ய முன் அனுமதி வேண்டும். உங்களிடம் இல்லை. இது கழிவு அல்ல என்று நிரூபிக்கவும். தவறினால் சரக்கு திருப்பி அனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும்.

நல்ல கடிதம். நானாக இருந்தால் இதையேதான் எழுதியிருப்பேன். அடையாளச் சீட்டு இல்லாததற்குக் காரணம், கடைக்கார அம்மாள் தன் சீட்டைத் தானே தைத்துக்கொள்வதாகச் சொன்னது. நூல் தொங்குவதற்குக் காரணம், துண்டு என்றால் நூல் தொங்கும்.

தோழி பீரோவைத் திறந்து, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளுடைய வரைவு. என் சிவப்புக் கோடு. கோடு நேராக, அளவுகோல் வைத்துப் போட்டதாக இருந்தது. கீழே யாரோ வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம் கேட்டது.

நான் தறிக்காரரின் பில்லைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. பிறகு, பதில் எழுதும் வேலையை என்னிடம் விடுங்கள் என்றேன். முப்பத்து நான்கு வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு எப்படி எழுத வேண்டும் என்று தெரியாதா?

பன்னிரண்டு பத்தி எழுதினேன். பார்வையில் காணும் கடிதத்தின் தொடர்பாக என்று தொடங்கி, நெசவு முறை, கொள்முதல் ஆவணங்களுடன் ஒத்திசைவு, இரு நாடுகளின் விவர ஒழுங்கு என்று போய், இணைப்புகள் ஏழு என்று முடித்தேன். புதன்கிழமை காலை பத்தரைக்கு அனுப்பினோம். அவர்களுக்கு அப்போது மணி எட்டு, அலுவலகம் திறக்கும் நேரம். அன்றிலிருந்து எங்களுக்கு நாள் விடிவது பத்தரைக்குத்தான். மூன்று பேரும் திரையைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். வியாழக்கிழமை ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஏஜென்ட் போனில் வந்தார். கடைசி விமானக் கணக்குப்படி, புதன்கிழமை அவர்கள் நேரம் நான்கு மணிக்குள் சரக்கு வெளியே வந்தால்தான் வடக்கே அந்த ஏரிக்கு வெள்ளிக்கிழமை போய்ச் சேரும் என்றார். எங்கள் கணக்கில் புதன் மாலை ஆறரை. அந்தப் புதன், ஆனி மாதத்தின் கடைசி நாள். மறுநாள் ஆடி.

பிறகு என் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பன்னிரண்டு பத்தியையும் இரண்டு முறை படித்தாராம். டவல் என்ற சொல்லை அதில் எங்கும் காணவில்லையாம்.

அவர் இரண்டே இரண்டு தாள் கேட்டார். ஒன்று, தவறான விவரத்தை எழுதியது யார், ஏன் என்று எழுதிய ஆளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்குமூலம். இன்னொன்று, இந்தப் பொருளைக் கொண்டு அதன் சொந்த ஊரில் மனிதர்கள் உடம்பு துடைத்துக்கொள்கிறார்கள் என்பதற்குப் படம். சனிக்கிழமையே அனுப்பிவிடுங்கள், திங்கள் காலை முதல் காகிதமாக இருக்கட்டும் என்றார்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் குற்றாலம் போனோம். குற்றாலத்தில் துண்டோடு ஒரு மனிதனைப் படம் எடுப்பது என்பது, எங்கள் ஊரில் காலை டீ குடிப்பதைவிட எளிய காரியம். முந்தின நாள் மலையில் பெய்த மழையில் பேரருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. சங்கிலி கட்டியிருந்தது. ஐந்தருவிக்குப் போனோம். அங்கேயும் சங்கிலி. தடை என்பதால் கூட்டமும் இல்லை. சீசன் நேரத்துச் சனிக்கிழமையில், குற்றாலம் முழுக்க ஈரமான ஒரு மனிதன்கூடக் கிடைக்கவில்லை.

சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்ற காவலரிடம், ஒரே ஒரு படம், ஓரமாக நின்று என்று கேட்டேன். வெளிநாட்டு அலுவலகத்துக்கு ஆதாரம் என்றும் சொன்னேன்.

"எல்லாருந்தான் படம் எடுக்க வருதாங்க அண்ணாச்சி. அப்புறம் நாங்க இழுத்துப்போட வேண்டியிருக்கு" என்றார். "ரூல்ஸ் உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். காருக்குத் திரும்பினேன்.

திரும்பும் வழியில், இலஞ்சியில் என் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை மகள் காரை நிறுத்தினாள். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். வேறு ஆண்பிள்ளை பக்கத்தில் யாரும் இல்லை.

சுங்க அலுவலகத்தில் எனக்குக் கீழே அறுபது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் யாரும் என்னைச் சட்டையில்லாமல் பார்த்ததில்லை. அன்று வேட்டியோடு பம்ப்செட் தண்ணீரில் தலையைக் கொடுத்து, வெளியே வந்து, துண்டால் முதுகு, தலை, காது என்று வரிசையாகத் துடைத்துக்கொண்டேன். தோழி படமெடுத்தாள். துண்டு முகத்தை மறைக்கிறது, இன்னொரு தடவை என்றாள். மூன்று தடவை குளித்தேன். அனுப்பியதுபோகப் பாக்கியிருந்த எட்டுத் துண்டும் நனைந்தன. எட்டையும் கொடியில் போட்டு அதையும் எடுத்தாள். தொங்கும் நூல் தெரியும்படி ஒரு படம்.

வீட்டுக்குள் வந்து தலை காயுமுன் வாக்குமூலம் எழுதினேன். 'சரக்கின் விவரத்தைக் குறிப்பிடுவதில் தவறு ஏற்பட்டுவிட்டது' என்று முதல் வரி. தங்கை மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"ஏற்பட்டுச்சுன்னா? தானா வந்துச்சா மாமா?"

அலுவலக நடையில் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்று விளக்கினேன்.

"அவங்க யாருன்னுதான கேக்குதாங்க."

தோழி கொடியிலிருந்து துண்டுகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். எட்டும் காய்ந்திருந்தன. அவள் அப்பா காலையில்தான் ஆடித் தள்ளுபடிக்கு அடித்த நோட்டீஸ் கட்டை அவளிடம் கொடுத்து, பார்த்து வைக்கச் சொல்லியிருந்தாராம். அந்தக் கட்டு அவள் பையிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

என் முன்னால் உட்கார்ந்து இப்படிப்பட்ட வாக்குமூலம் எழுதிக் கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். எல்லோரும் தவறு ஏற்பட்டுவிட்டது என்றே எழுதினார்கள். எவரையும் நான் நம்பியதில்லை. அந்த வரியை அடித்தேன். 'இந்தத் தவறைச் செய்தவன் நான்' என்று எழுதினேன். நான் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. டவல் என்று சரியாக எழுதப்பட்டிருந்ததை நான் அடித்தேன். என் மொழியில் உடம்பு துடைக்கும் துணிக்கும் வெட்டிய துணிக்கும் ஒரே சொல். அது உங்களுக்குத் தெரியாது என்பதை யோசிக்கத் தவறினேன். படத்தில் இருப்பவன் நானே. மொத்தம் ஆறு வரி. என் பணிக்காலத்தில் இவ்வளவு சிறிய கடிதம் எழுதியதில்லை.

திங்கட்கிழமை பத்தரைக்கு உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. ஏஜென்ட், காகிதம் அதிகாரி மேசையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மேசையில் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் மேசையில் சில காகிதங்கள் மூன்று பொங்கல் பார்த்திருக்கின்றன. அதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. அன்று மாலை தங்கை மகள், போனதெல்லாம் திரும்பி வந்தால் குற்றாலத்தில் ஒரு கடை போட்டு விற்போம் என்றாள். நீங்கள் முதலில் சொன்னதுபோல உள்ளூரிலேயே தொடங்கிவிடலாம் மாமா என்றாள். நான் சொன்ன ஒன்றை அவள் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

புதன்கிழமை தோழி வரும்போதே, நாளையிலிருந்து கடைக்கு வருவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஆறரை மணிவரை பொறுத்திருக்கக் கூடாதா என்று தங்கை மகள் கடிந்துகொண்டாள். பத்தரை ஆயிற்று. கீழே மருத்துவர் யாரையோ, வாயைத் திற, இன்னும் திற என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தே முக்காலுக்குத் திரையின் மூலையில் ஏதோ மின்னியது. ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரம். பத்து ஐம்பத்திரண்டுக்கு இன்னொன்று மின்னியது. தங்கை மகள் திறக்கவில்லை. நீங்க படிங்க மாமா என்று நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள்.

இரண்டு வரி. விவரம் திருத்தி ஏற்கப்பட்டது, சரக்கு இன்று விடுவிக்கப்படுகிறது. அடுத்த வரி, வருங்காலத்தில் இந்தச் சரக்கை 'காட்டன் பாத் டவல்ஸ், நாட் டெர்ரி' என்று குறிப்பிடவும்.

எழுத்துக்கு எழுத்து, நான் அளவுகோல் வைத்து அடித்த அதே வரி. தோழி அதைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் பேச மாடிப்படிக்குப் போனாள். பையும் நோட்டீஸ் கட்டும் நாற்காலியிலேயே இருந்தன.

அந்தக் கம்பெனியில் தபால் பதிவேடு இல்லை. நான்தான் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். யாரும் அதைத் தொட்டதில்லை. உள்வரவுப் பக்கத்தில், வரிசை எண் ஒன்றில், அனுப்புநர், பொருள் எல்லாம் எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தை நிரப்பினேன். பதில் கிடைத்த நாள்: ஜூலை 16, புதன்கிழமை, ஆனி கடைசி.